செப்பிலோக் ஓராங் ஊத்தான் மறுவாழ்வு மையம்: தாதியின் கண்ணோடு பார்த்தது

ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். குழந்தைகள் வார்டில் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவமனையை எடைபோடுவது போலத்தான் இந்த இடத்தையும் பார்த்தேன். சேர்க்கும்போது என்ன பரிசோதனை, தொற்று பரவாமல் இருக்க என்ன ஏற்பாடு, தேறிய பிறகு வீட்டுக்கு அனுப்புகிறார்களா?

மலேசியாவின் சபா மாநிலத்தில், சண்டாக்கான் நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். லாபுக் சாலையில் 14ஆம் மைலில் திரும்ப வேண்டும். 1964இல் தொடங்கிய மையம். ஓராங் ஊத்தான் என்னும் மனிதக் குரங்குகளில் சட்டத்துக்குப் புறம்பாக வீடுகளில் வளர்க்கப்பட்டவை, விற்பதற்காகப் பிடிக்கப்பட்டவை, காடு அழிந்ததில் தாயை இழந்தவை எல்லாம் இங்கேதான் வந்து சேர்கின்றன. வந்தவுடன் தனிமைப்படுத்தி உடம்பு முழுக்கப் பரிசோதிக்கிறார்கள். காசநோய், சளிக்காய்ச்சல் போன்ற நம் நோய்கள் இவற்றையும் தாக்கும். மனிதர்களோடு வாழ்ந்த ஒரு குட்டியைச் சோதிக்காமல் காட்டில் விட்டால் அங்கிருக்கும் மற்றவற்றுக்கும் ஆபத்து.

பெரும்பாலானவர்கள் உணவு மேடைக்குத்தான் ஓடுகிறார்கள். நான் அதிக நேரம் இருந்தது நர்சரியில். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் கயிறும் கட்டைகளுமாகக் குட்டிகளின் பயிற்சித் திடல். ஒரு குட்டி கயிற்றைப் பிடித்துத் தொங்கியது, பிடி தளர்ந்து இறங்கியது, கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தது, பிறகு மறுபடி ஏறியது. பிசியோதெரபி அறையில் நான் பார்த்த பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள். கூண்டில் வளர்ந்த குட்டிக்குக் கையில் வலு இருக்காது, உயரமும் பழகியிருக்காது. எந்தப் பழத்தைத் தின்னலாம், இரவில் தூங்கக் கிளைகளை மடித்து எப்படிக் கூடு கட்டுவது என்று எதுவுமே தெரியாது. காட்டில் இதையெல்லாம் தாயைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும். ஆறேழு வருடம் தாயை ஒட்டியே வளரும் பிறவி அது.

என் பேத்தி அங்கேதான் கேட்டாள், "பாட்டி, இதோட அம்மா எங்கே?"

மறைக்காமல் சொன்னேன். உயிரோடு இருக்கும் வரை தாய் குட்டியை விடாது. அதனால் குட்டி வேண்டும் என்பவர்கள் தாயைத்தான் முதலில் கொல்கிறார்கள். பெண் ஓராங் ஊத்தான் ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஈனும். ஒரு தாய் போனால் அந்தக் காட்டுக்கு எத்தனை வருட இழப்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

உணவு நேரம் காலை 10 மணி, மதியம் 3 மணி. வேண்டுமென்றேதான் அலுத்துப்போகிற மாதிரி உணவு வைக்கிறார்கள். வகைவகையாகக் கொடுத்தால் காட்டுக்குள் தேடிப் போகாது இல்லையா? அருமையான சிகிச்சை முறை. பழக்காலத்தில் மேடைக்கு ஒன்றுகூட வராமல் போகலாம், பெரோக் எனும் குட்டைவால் குரங்குகள் மட்டும் வந்து வாழைப்பழத்தை அள்ளிக்கொண்டு போகும். "காசு வீண்" என்று எனக்குப் பக்கத்தில் ஒருவர் சலித்துக்கொண்டார். காசுக்கு வேடிக்கை காட்டும் இடம் இல்லை இது. சுற்றிலும் சுமார் 43 சதுர கிலோமீட்டர் காப்புக்காடு, நடுவில் வேலியும் இல்லை. வருவதும் வராததும் அவற்றின் இஷ்டம்.

நான் தைப்பிங்காரி. 2002இல் எங்கள் ஊர் விலங்குக் காட்சிசாலைக்கு நைஜீரியாவிலிருந்து நான்கு கொரில்லாக் குட்டிகள் வந்தன. காட்சிசாலையில் பிறந்தவை என்றது ஆவணம். காட்டில் பிடித்துக் கடத்தியவை என்பது பிறகு வெளியே வந்தது. தென்னாப்பிரிக்காவுக்குப் போய், அங்கே சில வருடம் இருந்து, 2007இல்தான் கேமரூனின் லிம்பே சரணாலயத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதுவும் சரணாலயம்தான், காடு இல்லை. விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் செப்பிலோக் நர்சரியில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். இங்கே தேறியவை சில இதே காட்டில் கலந்துவிடுகின்றன, சிலவற்றை சபாவிலேயே இருக்கும் தாபின் வனவிலங்குக் காப்பகத்துக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். அதற்கு வருடக்கணக்கில் ஆகும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மலேசியர்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு, கேமராவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். பையையும் தின்பண்டத்தையும் லாக்கரில் வைத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்காக முன்னதாக மூடுவார்கள், அதற்கேற்பக் கிளம்புங்கள். எதிரிலேயே சூரியக் கரடிகளுக்கான மையம் இருக்கிறது, அதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

எங்களை அழைத்துப்போன வேன்காரர் வழியில், "வேறொரு இடத்தில் குட்டியை மடியில் வைத்துப் படம் எடுக்கலாம், ஏற்பாடு செய்யட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று என் வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். உங்களிடமும் யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அப்படியொரு மடிக்காகத்தான் ஒரு தாய் சுடப்படுகிறது.

இருமல், சளி, காய்ச்சல் இருந்தால் தயவுசெய்து அன்றைக்குப் போகாதீர்கள். நான் போன நாளில் மேடைப் பக்கம் ஒருவர் இருமிக்கொண்டே முன்வரிசைக்கு முண்டியடித்துக்கொண்டு வந்தார். என்னிடம் இருந்த முகக்கவசத்தை எடுத்து நீட்டினேன், வாங்கிப் போட்டுக்கொண்டார். கைப்பையில் நாலைந்து கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள்.