தனி ஆம்பிளிஃபையர் வேண்டுமா? சத்துவாச்சாரி வெயிலில் சில கோடைகள்

ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: ரிசீவர் ஒன்றே போதுமா, தனியாக ஒரு பவர் ஆம்பிளிஃபையரும் வாங்க வேண்டுமா? (ரிசீவர் என்பது படத்தின் ஒலியைச் சேனல்களாகப் பிரித்து, பெருக்கி, ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி; பவர் ஆம்பிளிஃபையர் பெருக்கும் வேலையை மட்டும் செய்வது.) விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தம் போதவில்லை என்பதற்காக வாங்குவதென்றால் பெரும்பாலும் வேண்டாம். ரிசீவர் சூட்டில் திணறுகிறது, முன் ஸ்பீக்கர்கள் 4 ஓம் வகை (வழக்கமான 8 ஓமைவிட அதிக மின்னோட்டம் கேட்பவை) என்றால் யோசிக்கலாம். நான் வாங்கியது இந்த இரண்டாவது காரணத்துக்காக. ரிசீவரை மட்டும் வைத்துச் சில கோடைகளைக் கழித்தேன். ஆம்பிளிஃபையர் சேர்த்த பிறகு அதைவிட அதிகமான கோடைகள் போய்விட்டன. இரண்டு நிலையையும் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வேலூர் சத்துவாச்சாரியில் என் வீடு; ஹால் மாடியில் இருக்கிறது. பதினேழுக்குப் பன்னிரண்டு அடி, தலைக்கு மேல் நேராக மொட்டை மாடி. ஏழு சேனல் ரிசீவர், முன்னால் இரண்டு டவர் ஸ்பீக்கர், நடுவில் சென்டர், பின்னால் இரண்டு சிறிய ஸ்பீக்கர், மூலையில் தாழ்ந்த ஒலிக்கென்று, தனக்கென்று ஆம்பிளிஃபையர் வைத்திருக்கும் சப்வூஃபர். சோபாவிலிருந்து டவர் ஸ்பீக்கர்களுக்குத் தூரம் ஏறத்தாழ மூன்று மீட்டர். இந்தத் தூரம் முக்கியம், ஏனென்றால் மொத்தக் கணக்கும் அதில்தான் தொடங்குகிறது.

கடையில் வாட் எண்ணைக் காட்டித்தான் விற்கிறார்கள். நம் ஊர்ப் பெட்டிகள் சிலவற்றில் 'பி.எம்.பி.ஓ. 10,000 வாட்' என்று, கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கில், தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சுவரில் உள்ள 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்குக் கிடைப்பதே 1,380 வாட்தான். மீதியை எங்கிருந்து கொண்டுவருகிறார்கள் என்று கேட்டால் விற்பவர் சிரிப்பார். நல்ல நிறுவனங்களின் ரிசீவர்களில் இவ்வளவு புளுகு இல்லை. ஆனாலும் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட 150 வாட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் '6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல் மட்டும்' என்று இருக்கும். '8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்' என்று போட்ட எண்ணை மட்டும் நம்பலாம். அதுவும் இரண்டு சேனலுக்கான கணக்கே. ஏழு சேனலும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரைப் பங்கு போட்டுக்கொள்ளும்போது ஒவ்வொன்றின் பங்கும் குறையும்.

சரி, எவ்வளவு வாட் தேவை? என் டவர் ஸ்பீக்கரின் குறிப்பேட்டில் 2.83 வோல்ட்டுக்கு 90 டெசிபல் என்று இருந்தது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அந்த வோல்ட் ஒரு வாட். என்னுடையது 4 ஓம் என்பதால் இரண்டு வாட். ஆகவே ஒரு வாட்டுக்கு உண்மையில் 87 டெசிபல்தான். ஒரு மீட்டரில் அளந்த எண் அது. திறந்தவெளியில் மூன்று மீட்டர் தள்ளிப்போனால் ஒன்பதரை டெசிபல் குறையும். அறைச் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தருவதால் 80 என்று வைத்துக்கொள்ளலாம். திரையரங்குத் தரம் என்று சொல்லப்படும் அளவில் ஒவ்வொரு சேனலும் உச்சத்தில் 105 டெசிபல் தர வேண்டும். மீதமுள்ள 25 டெசிபலுக்கு 300 வாட்டுக்கு மேல் ஆகும். இதைப் பார்த்துத்தான் பலர் பயந்துபோய் ஆம்பிளிஃபையர் தேடுகிறார்கள்.

ஆனால் அந்த அளவில் வீட்டில் யார் படம் பார்க்கிறார்கள்? கீழ்வீட்டில் பாட்டி இருக்கிறார், எதிர்வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறது. ரிசீவரின் வால்யூமில் 0 என்பதுதான் அந்தத் திரையரங்குத் தரம்; அதற்குக் கீழே எத்தனை டெசிபல் என்பதை மைனஸில் காட்டும். எங்கள் வீட்டில் வால்யூம் வழக்கமாக மைனஸ் 20-இல் நிற்கும், நானும் அக்காள் மகனும் மட்டும் இருந்தால் மைனஸ் 15. அப்போது உச்சச் சத்தம் 90 டெசிபல். அதற்குத் தேவை வெறும் பத்து வாட். மைனஸ் 20-இல் மூன்று வாட்டே போதும். மறுபக்கம், நூறு வாட் ரிசீவரை விட்டு இருநூறு வாட் ஆம்பிளிஃபையருக்குப் போனால் கூடுதலாகக் கிடைப்பது மூன்றே டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். சத்தத்துக்காக வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பார்த்தால் பாதிப் பேர் கடையிலிருந்து திரும்பி வந்துவிடுவார்கள்.

பிறகு நான் ஏன் வாங்கினேன்? வேலூர் என்பதால். ஆற்றில் நீரில்லை, மலையில் மரமில்லை என்று எங்கள் ஊரைப் பற்றிக் கேலி பேசுவார்கள். மரமில்லாத அந்தப் பாறை மலைக்குக் கீழே குடியிருப்பவனுக்கு அது கேலி அல்ல. பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறை இரவில்தான் கக்குகிறது. கத்திரி நாள்களில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்; ராத்திரி ஒன்பது மணிக்கும் மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நடக்க முடியாது. அதற்கு நேர் கீழே, டி.வி. அலமாரிக்குள், ரிசீவர். 4 ஓம் ஸ்பீக்கர் அதே வோல்ட்டுக்கு 8 ஓமைப் போல் இரண்டு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்தச் சுமையில் பெரும்பகுதி ரிசீவரின் டிரான்சிஸ்டர்களில் சூடாக இறங்கும். ஏப்ரல் பாதிக்கு மேல் என் ரிசீவரின் மேல்தகட்டில் கையை வைத்தால் உடனே எடுத்துவிடத் தோன்றும். நீளமான சண்டைக் காட்சி என்றால் நடுவில் சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றுவிடும், முன்பக்கம் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். தன்னைத் தானே காத்துக்கொள்ள அணைந்துகொள்கிறது. இருபது நிமிடம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். டிசம்பரில் இதே ரிசீவர், இதே படம், இதே வால்யூம், ஒரு தொல்லையும் கிடையாது.

முதலில் செய்தது செலவில்லாத வேலைகள். அலமாரியின் பின்பலகையை அறுத்து எடுத்தேன். ரிசீவர் மேல் கம்ப்யூட்டர் மின்விசிறி இரண்டை மல்லாக்க வைத்து, காற்றை மேலே இழுக்கவிட்டேன். 12 வோல்ட் மின்விசிறியைப் பழைய செல்போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஓட்டினால் சத்தமே வராது, ஆனால் சூடு நன்றாகக் குறையும். டவர் ஸ்பீக்கர்களை ரிசீவரின் மெனுவில் 'ஸ்மால்' என்று மாற்றி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் சப்வூஃபருக்குத் தள்ளிவிட்டேன். அதிக ஆற்றலை விழுங்குவது பேஸ் என்ற அந்தத் தாழ்ந்த ஒலிதான். அந்த மூட்டையை இறக்கி வைத்தாலே ரிசீவருக்குப் பெரிய ஆறுதல். 'இவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வாங்கிவிட்டு ஸ்மால் என்று போடுவதா' என்று சிலர் மனம் ஒப்பமாட்டார்கள். தயங்காமல் போடலாம். இவ்வளவும் செய்த பிறகு அணைவது வெகுவாகக் குறைந்தது. மே மாதத்தில் மட்டும் எப்போதாவது வந்தது. சாதாரண 8 ஓம் ஸ்பீக்கராக இருந்திருந்தால் இத்தோடு நிறுத்தியிருப்பேன்.

நிறுவன ஆம்பிளிஃபையரின் விலையைக் கேட்டுவிட்டு, ஊரில் மைக்செட் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் செட் கட்டுகிறவர். ஆம்பிளிஃபையரைத் தானே அசெம்பிள் செய்வார். நான் வாட் கணக்கில் ஆரம்பித்ததும் கையமர்த்தினார். "வாட்டை விடுங்கள் சார். ஸ்பீக்கர் எத்தனை ஓம்? எவ்வளவு நேரம் ஓட்டுவீர்கள்? அலமாரி மூடியா, திறந்ததா?" கேட்க வேண்டிய மூன்று கேள்விகளும் அவ்வளவுதான். "குடியாத்தம் சிரசு முடியட்டும், செய்து தருகிறேன்" என்றார். வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடியும்வரை அவர் கையில் ஈயம் வைக்கும் கம்பியைப் பார்க்க முடியாது.

செய்து தந்தது இரண்டு சேனல். ஒவ்வொரு சேனலுக்கும் 5200, 1943 டிரான்சிஸ்டர் இரண்டு ஜோடி. தமிழ்நாட்டு அசெம்பிள் உலகில் இந்த இரண்டு எண்ணைச் சொன்னால் போதும், வேறு விளக்கம் தேவையில்லை. 35-0-35 வோல்ட் டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர், மின்னைத் தேக்கி வைக்கும் 63 வோல்ட் 10,000 மைக்ரோஃபாரட் கண்டென்சர் நான்கு, சூட்டை வெளியேற்றக் கைமுழம் நீளத்துக்கு அலுமினிய ஹீட் சிங்க். 35 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக்கினால் 49 வோல்ட் வரும். 8 ஓமில் நூறு வாட்டைத் தாராளமாகத் தாண்டும், 4 ஓமில் அதைவிடக் கணிசமாக அதிகம். நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கியவை இரண்டு. ஒன்று, ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டு. அசெம்பிள் ஆம்பிளிஃபையரில் ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அந்த டி.சி. முழுவதும் ஸ்பீக்கர் சுருளில் பாய்ந்து நொடியில் கருக்கிவிடும். இந்த போர்டு ரிலே என்ற மின் சுவிட்சைத் துண்டித்துக் காப்பாற்றும். இது இல்லாத அசெம்பிள் செட்டை நல்ல ஸ்பீக்கரோடு இணைக்கவே கூடாது. மற்றொன்று, ரிசீவர் ஆன் ஆனதும் அனுப்பும் 12 வோல்ட் சைகை (டிரிகர்) வந்தால் தானே ஆன் ஆகும் ரிலே. இல்லாவிட்டால் வீட்டில் ஒருவரும் அதை அணைக்க நினைக்கமாட்டார்கள்.

இணைத்த அன்று வந்த நண்பர்கள் எல்லாரும் "அடடா, என்ன தெளிவு" என்றார்கள். நான் நம்பவில்லை. ஆம்பிளிஃபையரின் பெருக்கம் ரிசீவரைவிட அதிகம். அதே வால்யூமில் முன் ஸ்பீக்கர் இரண்டும் சில டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். சற்று உரக்கக் கேட்பது எதுவும் காதுக்குத் தரமாகத்தான் தெரியும். ரிசீவரோடு வந்த மைக்கை வைத்து அளவீட்டை மறுபடி ஓட்டி, மட்டத்தைச் சமன் செய்த பிறகு, அக்காள் மகனைப் பின்னால் உட்காரவைத்து, எனக்குச் சொல்லாமல் ஒயரை மாற்றி மாற்றிச் செருகச் சொன்னேன். வழக்கமான வால்யூமில் எது எதென்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வால்யூமை மைனஸ் 8 வரை ஏற்றி, தவிலும் நாகஸ்வரமும் கலந்த ஒரு பதிவைப் போட்டபோது வித்தியாசம் பிடிபட்டது. ரிசீவரில் தவிலின் அடி சற்றே மழுங்கியது, ஆம்பிளிஃபையரில் அப்படியே நின்றது. மைனஸ் 8-இல் ஆண்டுக்கு எத்தனை முறை கேட்பேன் என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லவில்லை.

ஒலியில் கிடைத்த லாபம் அவ்வளவே. சூட்டில் கிடைத்தது முழு லாபம். இணைத்ததிலிருந்து ரிசீவர் ஒரு முறையும் அணையவில்லை. இப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் வேலையில்லாமல் நிற்கும் அதன் உள் ஆம்பிளிஃபையர்களுக்கும் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கிறது. சில மாடல்களில் அதை அணைத்துவைக்கும் வசதி உண்டு; என்னுடையதில் இல்லை.

இனி, யாரும் முன்கூட்டிச் சொல்லாத தொல்லை: இரைச்சல். ஆம்பிளிஃபையரை இணைத்த மறுநிமிடம் ஸ்பீக்கரிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். படம் ஓடும்போது தெரியாது, நிறுத்தினால் எரிச்சல் தரும். தெரிந்தவர்கள் உடனே "மூணு பின்னில் எர்த்தை உடைத்துவிடு" என்றார்கள். உலோகப் பெட்டிக்குள் இவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மரை வைத்துக்கொண்டு அதைச் செய்வது தற்கொலைக்குச் சமம். ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்ததில், கேபிள் டி.வி. ஒயரை செட்டாப் பாக்ஸிலிருந்து உருவியதும் முனகல் நின்றது. அந்த ஒயரின் உறை தெருவிலிருந்து வேறொரு எர்த்தைக் கொண்டுவருகிறது. இரண்டு எர்த்துக்கும் இடையில் ஓடும் மின்னோட்டம்தான் அந்த 50 ஹெர்ட்ஸ் ஒலி. கேபிள் ஒயருக்கு அந்த எர்த் தொடர்பை அறுக்கும் ஒரு ஐசொலேட்டர் போட்டதும் பெரும்பகுதி தீர்ந்தது. மீதியைத் தீர்த்தவர் எலெக்ட்ரீஷியன். வீட்டு எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு நிரப்பினார். எங்கள் பகுதியில் தரை பாறை. கோடையில் மண் காய்ந்தால் எர்த் இருந்தும் இல்லாதது போல்தான். ஆகவே பங்குனியிலிருந்து வாரம் ஒரு வாளித் தண்ணீர் அந்தக் குழிக்குப் போகிறது. பாதுகாப்புக்கும் அது நல்லது.

மின்சாரச் செலவு பெரிதில்லை. சும்மா நிற்கும்போது ஆம்பிளிஃபையர் 35 வாட் இழுக்கிறது. மாலையில் நான்கு மணி நேரம் என்றால் இரண்டு மாதக் கணக்கில் எட்டு, ஒன்பது யூனிட். 500 யூனிட் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் வீடுகளில் மட்டும் கவனிக்க வேண்டும், அதைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். அங்கேயும் முதல் குற்றவாளி ஏ.சி.தான்.

வசனம் புரியவில்லை என்பதற்காக ஆம்பிளிஃபையர் தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. காட்பாடியில் ஒரு நண்பர் வீட்டில் இதே புகார். போய்ப் பார்த்தால் டைல்ஸ் தரை, வெறும் சுவர், திரைச்சீலைகூட இல்லாத கண்ணாடி ஜன்னல். கைதட்டினால் நான்கு முறை கேட்கிறது. தடித்த கார்ப்பெட் ஒன்று, ஜன்னலுக்குக் கனமான திரை, பின்சுவரில் புத்தக அலமாரி, சென்டர் ஸ்பீக்கரைக் காது மட்டத்துக்குச் சாய்த்து வைத்தல், அவ்வளவுதான் செய்தோம். அவர் ஆம்பிளிஃபையருக்கு எடுத்துவைத்த பணத்தில் பிரிட்ஜ் வாங்கினார்.

வாங்குவதென்று முடிவெடுத்தால் முதலில் ரிசீவரின் பின்பக்கத்தைப் பாருங்கள். முன் சேனல்களுக்கு 'பிரி அவுட்' துளைகள், அதாவது பெருக்காத ஒலியை வெளியே எடுக்கும் துளைகள், இருக்க வேண்டும். விலை குறைந்த பல மாடல்களில் சப்வூஃபருக்கு மட்டும் ஒன்று இருக்கும். அதில் தனி ஆம்பிளிஃபையரை ஒழுங்காக இணைக்க வழியில்லை. ஒன்பது சேனல் ஒலியைப் பிரித்துத் தரும், ஆனால் ஏழுக்கு மட்டுமே ஆம்பிளிஃபையர் உள்ள ரிசீவர்களும் உண்டு. கூரையில் நான்கு ஸ்பீக்கர் மாட்ட நினைப்பவர்களுக்கு அங்கே தனி ஆம்பிளிஃபையர் ஆடம்பரம் அல்ல, கட்டாயம். இன்னொரு கோணமும் இருக்கிறது. எச்.டி.எம்.ஐ. தரம் மாறும்போதெல்லாம் ரிசீவர் பழசாகிவிடும். ஆம்பிளிஃபையருக்கு அந்தக் கவலையில்லை. நாளை ரிசீவரை மாற்றினாலும் அண்ணன் செய்த பெட்டி அப்படியே இருக்கும். பழசாவது அதன் கண்டென்சர்கள்தான். சூடு பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. வரும் மாசியில், கோவில் வேலைகள் சூடு பிடிப்பதற்குள், நான்கையும் 105 டிகிரி வரை தாங்கும் வகைக்கு மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன்.