தாங்கல் கரைசல்: எடை போட்டுக் கலப்பதா, பாதி அமிலத்தை நடுநிலையாக்குவதா?

பிளஸ் டூ வகுப்பில் அயனிச் சமநிலை நடத்தும்போது, தாங்கல் கரைசலை நேரில் செய்து காட்ட இரண்டு வழிகள் உண்டு. சிறிது அமிலமோ காரமோ விழுந்தாலும் பிஹெச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், அதிகம் மாறாத கரைசல்தான் இது. அசிட்டிக் அமிலத்தோடு சோடியம் அசிட்டேட்டை எடை போட்டுக் கலப்பது ஒன்று. அமிலத்தில் பாதியை மட்டும் சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கி, வேண்டிய உப்பைக் குடுவைக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்வது மற்றொன்று. பல வருஷம் முதல் வழியில் போய்விட்டு, இப்போது இரண்டாவதுக்கு மாறிவிட்டேன்.

செலவிலும் நேரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டுக்கும் ஒரு பீரியடு போதும். அம்மோனியா, அம்மோனியம் குளோரைடு ஜோடியை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. நெடி ஒரு பக்கம், மூடியைத் திறந்ததும் ஆவியாவது இன்னொரு பக்கம். போதாததற்கு வெயில் ஏறினால் அதன் பிஹெச்சும் நகர்ந்துவிடும். தண்ணீரின் கடினத்தன்மை பார்க்க அது வேண்டும். இந்தப் பாடத்துக்கு அசிட்டேட்தான் தோது.

எடை போடும் வழிக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அது பொது அயனி விளைவு: அமிலம் தரும் அதே அயனியை உப்பும் தந்தால், அமிலம் பிரிவது குறையும். நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் மெத்தில் ஆரஞ்சு என்ற நிறங்காட்டியை இரண்டு சொட்டு விட்டால் சிவக்கும். அதில் சோடியம் அசிட்டேட் படிகத்தை ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினால், சிவப்பு மங்கி மஞ்சளுக்குத் திரும்பும். சமநிலை பின்னால் தள்ளப்படுவதைக் கண்ணால் பார்க்க இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் பிஹெச் சரியாக வரவேண்டும் என்றால் அதே உப்புதான் காலை வாரும். சோடியம் அசிட்டேட் இரண்டு வடிவத்தில் வருகிறது. நீரற்றதன் மோலார் நிறை 82. மூன்று நீர் மூலக்கூறு சேர்ந்த படிகத்துக்கு 136. லேபிள் அழிந்த பாட்டிலில் இருப்பது எது என்று சொல்ல முடியாது. ஒரு வருஷம் எனக்கு இதுதான் நடந்தது. நீரற்றது என்று நினைத்து லிட்டருக்கு 8.2 கிராம் போட்டேன். இருந்ததோ படிகம். 0.1 மோலார் இருக்க வேண்டிய உப்பு 0.06 மோலார்தான் இருந்தது. பிஹெச் 4.76-க்குப் பதில் 4.54. கரும்பலகையில் போட்ட கணக்கும் மீட்டர் காட்டிய எண்ணும் ஒத்துப்போகாதபோது, மாணவர்கள் சந்தேகப்படுவது பாட்டிலை அல்ல, சமன்பாட்டை.

இரண்டாவது வழியில் தராசே வேண்டாம். பிப்பெட்டில் 20 மி.லி. அமிலம் எடுத்து, பினாப்தலீன் நிறங்காட்டி விட்டு, வழக்கமான தரம்பார்த்தல் போல இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை காரத்தை இறக்குங்கள். இப்போது குடுவையில் இருப்பது முழுக்க உப்பு. அதே பாட்டிலிலிருந்து இன்னொரு 20 மி.லி. அமிலத்தை ஊற்றுங்கள். இளஞ்சிவப்பு சட்டென்று மறையும். உப்பும் அமிலமும் சரிபாதி, பிஹெச் 4.76.

அமிலத்தின் செறிவு தெரிய வேண்டியதில்லை, காரத்தின் செறிவும் தெரிய வேண்டியதில்லை என்பதுதான் இதில் என்னைக் கட்டிப்போட்ட விஷயம். இரண்டு முறையும் ஒரே பிப்பெட், ஒரே பாட்டில் என்பதால் விகிதம் தானாக ஒன்றாகிவிடுகிறது. கை தவறினாலும் பெரிய நஷ்டமில்லை. இரண்டும் சுமார் 0.1 மோலார் என்று வைத்துக்கொள்வோம். முடிவுநிலையைத் தாண்டி அரை மி.லி. காரம் கூடுதலாக விழுந்தால், உப்பு 2.05 மில்லிமோல், அமிலம் 1.95. பிஹெச் 4.78, அவ்வளவுதான். லேபிள் தப்பானால் 0.22 நகர்ந்த இடத்தில் இங்கே 0.02.

தாங்கல் கரைசலின் பிஹெச்சைக் கணக்கிடும் சமன்பாட்டுக்கு ஹென்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாடு என்று பெயர். ஹென்டர்சன் 1908-ல் எழுதிய வடிவத்தில் மடக்கையே கிடையாது. ஹைட்ரஜன் அயனிச் செறிவு என்பது பிரிகை மாறிலியை அமிலம், உப்பு விகிதத்தால் பெருக்கியது, அவ்வளவே. மடக்கையை 1916-ல் கொண்டுவந்தவர் ஹாசல்பால்க். நான் வகுப்பில் அந்தப் பழைய வடிவத்தைத்தான் முதலில் எழுதுகிறேன். குடுவையில் விகிதம் ஒன்று என்று இப்போதுதானே பார்த்தார்கள்? ஹைட்ரஜன் அயனிச் செறிவு 1.8 × 10⁻⁵ என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். கூடுதல் அமிலம் 20-க்குப் பதில் 10 மி.லி. ஊற்றினால் 5.06, 40 ஊற்றினால் 4.46 என்பதையும் கால்குலேட்டரை எடுக்கும் முன்பே ஏறுமா இறங்குமா என்று ஊகித்துவிடுகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. மொத்தம் 60 மி.லி. ஆகிவிடுவதால் உப்பும் அமிலமும் 0.033 மோலார்தான், தாங்கல் திறன் குறைவு. ஆனாலும் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 2 மி.லி. விட்டால் பிஹெச் 4.67-க்குத்தான் இறங்கும். அதே 2 மி.லி.-யை 60 மி.லி. வெறும் தண்ணீரில் விட்டால் 2.5. வகுப்புக்கு இது தாராளம். அப்புறம், பழைய சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை இழுத்து வைத்திருந்தால் கணக்கு கொஞ்சம் பிசகும். அதனால் காரக் கரைசலை அன்றன்றைக்கே தயாரிக்கிறேன். உயிரியல் வேலைகளுக்கான பாஸ்பேட் தாங்கல்களில் எனக்குப் பழக்கம் குறைவு; நான் சொல்வதெல்லாம் அசிட்டேட்டுக்கு மட்டும்.

சோடியம் அசிட்டேட் பாட்டிலைத் தூக்கிப் போடவில்லை. மெத்தில் ஆரஞ்சு காட்டும் நாளன்று மட்டும் அலமாரியிலிருந்து அதை இறக்குகிறேன். அன்றைக்கு ஒரு சிட்டிகை போதும், எடை போட வேண்டியதில்லை.