ஷிஃப்ட் போடும் மென்பொருளோடு மூன்று வருஷம்: யார் போனார்கள், யார் தங்கினார்கள்

வீட்டுப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் ஷிஃப்ட் போடுவது என் வேலை. யார் எந்த வீட்டுக்கு, எத்தனை மணிக்குப் போக வேண்டும், ஒருவர் வரமுடியாமல் போனால் பதிலுக்கு யாரை அனுப்புவது என்பதெல்லாம் என் பொறுப்பு. மூன்று வருஷத்துக்கு முன்பு வரை எல்லாமே எக்ஸெல் தாளிலும் வாட்ஸ்அப் குழுவிலும்தான் ஓடியது. பராமரிப்பாளர்கள் வந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் போனால் எனக்கு அட்டவணையில் ஒரு கட்டம் காலியாகும், அவ்வளவுதான். அந்த வீட்டில் படுத்திருப்பவருக்கு அப்படி இல்லை. குளிப்பாட்டிவிட, உடை மாற்றிவிட ஒருவரிடம் பழகியிருப்பார். மறுபடியும் முன்பின் தெரியாத ஒருவரிடம் தன் உடம்பைக் கொடுக்க வேண்டும். மறதி நோய் உள்ளவர்கள் புது முகத்தைப் பார்த்தாலே மிரண்டுபோவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் ஆட்களைத் தக்கவைக்க உதவும் என்று சொன்ன ஒரு மென்பொருளை வாங்கினோம். ஷிஃப்ட் அட்டவணை, செல்போனில் வருகைப் பதிவு, அலுவலகத்தோடு பேச ஒரு மெசேஜ் பகுதி, வாராந்திரக் கருத்துக் கேட்பு, வேலையை விடக்கூடியவர்களை முன்கூட்டியே சிவப்பில் காட்டும் ஒரு பட்டியல், நட்சத்திரப் புள்ளிகள் என்று எல்லாம் இருந்தன. பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்த வகை மென்பொருள்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

முதல் ஆறு மாதம் மோசம். ஆளைத் தக்கவைக்க வாங்கிய மென்பொருளே ஆட்களை விரட்டியது. காரணம் வருகைப் பதிவு. அமெரிக்காவில் 2016இல் வந்த ஒரு சட்டம், அரசுப் பணத்தில் நடக்கும் வீட்டுப் பராமரிப்பில் ஒவ்வொரு வருகையையும் மின்னணு முறையில் பதிய வேண்டும் என்றது. என்ன சேவை, யாருக்கு, யார் செய்தார், எந்த நாள், எந்த இடம், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று ஆறு விவரங்கள். அதன் பிறகு இந்தப் பதிவு இத்தகைய மென்பொருள்களில் வழக்கமான அம்சமாகிவிட்டது. இடத்தைப் பதிய ஜிபிஎஸ். ஜிபிஎஸ்ஸுக்கு அடுக்குமாடிக் கட்டிடம் புரியாது.

ஒரு நாள் காலை எங்கள் அக்கா ஒருவர் ஏழாவது மாடியிலிருந்து போன் செய்தார். "நான் வீட்டுக்குள்ளதான் நிக்கிறேன் மேடம். வெளியில இருக்கேன்னு போன் சொல்லுது." உள்ளே பாட்டி கூப்பிடும் சத்தம் எனக்கே கேட்டது. அவர் ஜன்னல் ஜன்னலாகப் போய் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பதிவு விழ இருபது நிமிஷம் ஆனது. மாதக் கடைசியில் அந்த இருபது நிமிஷங்கள் எல்லாம் சேர்ந்து சம்பளத்தில் பிடித்தமாகிப் போயின. உழைத்த நேரத்துக்குக் காசு இல்லை என்றால் யார்தான் இருப்பார்கள்? அவர் ராஜினாமா எழுதிக்கொண்டு வந்துவிட்டார். பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு, அவரை இருக்கச் சொன்னோம். அப்புறம்தான் மென்பொருளின் செட்டிங்ஸை உட்கார்ந்து பார்த்தேன். வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் இருந்தால் பதிவை ஏற்கலாம் என்ற எல்லையைக் கூட்டினோம். சிக்னல் இல்லாத வீடுகளில் அந்த வீட்டுத் தொலைபேசியிலிருந்தே அழைத்துப் பதியும் வழியைத் திறந்தோம். பதிவில் தகராறு வந்தால் ஒரே நாளில் அலுவலகம் சரிசெய்ய வேண்டும், அதுவரை பராமரிப்பாளர் சொல்லும் நேரத்தையே ஏற்க வேண்டும் என்று விதி போட்டோம். இந்த மூன்றையும் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

சரி, நல்ல விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்தில் எனக்கு அதிகம் உதவியது யாரும் விளம்பரத்தில் சொல்லாத ஒரு சாதாரண அறிக்கை. ஒவ்வொருவரும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை கேட்டார், நாம் எத்தனை மணி நேரம் கொடுத்தோம் என்று பக்கத்துப் பக்கத்தில் காட்டும். அதைப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. எங்களிடமிருந்து போனவர்களில் பலர் வேலை பிடிக்காமல் போகவில்லை. வேலை குறைந்ததால் போனார்கள். பராமரிக்கப்படுபவர் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டால் அந்த வீட்டு ஷிஃப்ட் நின்றுவிடும். நாங்கள் கோப்பில் ‘தற்காலிக நிறுத்தம்’ என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். அங்கே போய்க்கொண்டிருந்தவரின் வார வருமானம் பாதியாகியிருக்கும். இரண்டு வாரம் பொறுத்துப் பார்ப்பார். மூன்றாவது வாரம் வேறு நிறுவனத்தில் இருப்பார்.

இப்போது திங்கள்கிழமை காலை நான் முதலில் திறப்பது அந்த அறிக்கையைத்தான். மணி நேரம் குறைந்தவர்களை அன்றைக்கே போனில் கூப்பிடுகிறேன். கொடுக்க வேலை இல்லாவிட்டாலும் கூப்பிடுகிறேன். "இந்த வாரம் ஒண்ணும் இல்லை, வியாழக்கிழமை ஒரு வீடு வருது, உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன்" என்று சொன்னால் காத்திருக்கிறார்கள்.

அட்டவணையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே சம்பளம் இல்லாத ஓட்டம். காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை ஆறு மணிக்குத் திரும்புகிறவருக்கு ஐந்து மணி நேரச் சம்பளம் என்றால் அது எப்படிக் கட்டும்? நிலையான பணியிடம் இல்லாத தொழிலாளர்கள் வீட்டிலிருந்து முதல் வாடிக்கையாளரிடம் போவதும் கடைசி வாடிக்கையாளரிடமிருந்து வீடு திரும்புவதும்கூட வேலை நேரம்தான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் தீர்ப்புச் சொன்னது. நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. வீடுகளுக்கு இடையிலான பயணத்துக்கு மட்டும் காசு கொடுக்க ஆரம்பித்திருக்கிறோம். மென்பொருளின் வரைபடத்தை வைத்துப் பக்கத்துப் பக்கத்து வீடுகளை ஒருவருக்கே கொடுக்கிறோம். நெதர்லாந்தில் ப்யூர்ட்ஸோர்க் என்ற அமைப்பு பன்னிரண்டு பேருக்கு மிகாத சிறு குழுக்களிடம் ஒரு வட்டாரத்தை ஒப்படைத்து, யார் எந்த வீட்டுக்குப் போவது என்பதைக்கூட அவர்களையே முடிவு செய்யச் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு நாங்களும் ஒரு பகுதியில் மட்டும் ஆறு பேரிடம் அட்டவணையைக் கொடுத்துப் பார்க்கிறோம். லீவு வேண்டுமென்றால் அவர்களுக்குள்ளேயே பேசி மாற்றிக்கொள்கிறார்கள். காலை ஐந்தரை மணிக்கு எனக்கு போன் வருவது அந்தப் பகுதியிலிருந்து நின்றேவிட்டது.

நட்சத்திரப் புள்ளிகளை யாரும் சீண்டவில்லை. அணைத்துவிட்டோம். சிவப்புப் பட்டியலும் அப்படித்தான். ஒருவர் போகப்போகிறார் என்று சொல்கிறதே தவிர ஏன் என்று சொல்வதில்லை. கருத்துக் கேட்பு பரவாயில்லை, ஆனால் பதில் எழுதினால் மட்டும். தொடக்கத்தில் மனம் திறந்து எழுதினார்கள். நாங்கள் பதிலே சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் எல்லாரும் ‘நன்று’ என்று தட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். இப்போது இரண்டு நாளுக்குள் பதில் என்று வைத்த பிறகுதான் மெல்ல மறுபடி எழுதுகிறார்கள்.

ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு பெரியவரை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்ட பராமரிப்பாளர் அக்கா ஒருவர். பெரியவர் காலமானார். செய்தி வந்ததும் நான் கோப்பை மூடினேன். நேரம் காலியானதைக் கண்ட மென்பொருள் உடனே அவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டது: ‘உங்களுக்குப் புதிய ஷிஃப்ட் உள்ளது. ஏற்கிறீர்களா?’ அவர் அப்போது அந்த வீட்டில்தான், பெரியவரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் என்னிடம் கேட்டார்: "ஒரு மணி நேரம்கூட ஆகலையே மேடம்?" எனக்குப் பதில் வரவில்லை. மறுநாளே கோப்பை மூடும் காரணங்களில் ‘மரணம்’ என்று தனியாக ஒன்றைச் சேர்த்தோம். அதைத் தேர்ந்தெடுத்தால் தானாகப் போகும் மெசேஜ் நின்றுவிடும். எனக்கு மட்டும் ஒரு நினைவூட்டல் வரும்: கூப்பிட்டுப் பேசு. மூன்று நாள் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு. அதற்கு நிர்வாகத்திடம் இரண்டு மாதம் போராட வேண்டியிருந்தது.

அந்த அக்கா இன்றும் எங்களோடு இருக்கிறார். புதிதாகச் சேர்பவர்களை முதல் வாரம் அவரோடுதான் அனுப்புகிறேன்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாள் நெருங்குகிறது. புதுப்பிக்கத்தான் போகிறோம். ஆனால் மென்பொருள் நிறுவனத்திடம் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறேன். பயண நேரத்தை அதுவே கணக்கிட்டுச் சம்பளச் சீட்டில் தனி வரியாகக் காட்ட வேண்டும். தட்டச்சு செய்யச் சிரமப்படுகிறவர்கள் குரலிலேயே குறிப்பைப் பதிய வழி வேண்டும். இரண்டாவது வரும் என்கிறார்கள். முதலாவதுக்கு இன்னும் பதில் வரவில்லை. அதுவரை வெள்ளிக்கிழமை மாலைகளில் நானே கையால் கூட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.