ரம்ப மெஷின் மோட்டார்: காயில் கட்டலாமா, புதுசே வாங்கிரலாமா?

எங்க பட்டறைல அப்பா காலத்து டேபிள் ரம்பம் ஒண்ணு இருக்கு, 2 எச்பி த்ரீ பேஸ் மோட்டார், 12 இஞ்ச் பிளேடு. காரைக்குடி சுத்துவட்டாரத்துல இடிக்கிற பழைய வீட்டு பர்மா தேக்கு தூண், நிலை, உத்தரம் எல்லாம் அதுலதான் அறுபடும். போன வருஷம் மோட்டார் புகைஞ்சு போச்சு.

விலைய பத்தி ரொம்ப பேச வேணாம், காயில் கட்டுனா, அதாவது எரிஞ்ச கம்பிச் சுருள எடுத்துட்டு புதுசா சுத்துனா, புது மோட்டார் விலைல மூணுல ஒரு பங்குதான் ஆச்சு, பேரிங் ரெண்டும் மாத்துனதும் அதுக்குள்ளயே. புதுசுன்னா வாரண்டி உண்டு, ஐஇ3ங்கிற உயர் திறன் ரகம் வாங்குனா கரண்ட் கொஞ்சம் மிச்சம். ஆனா ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஓடுற ரம்பத்துல என்ன பெருசா மிச்சமாகப் போகுது.

எனக்கு முடிவு பண்ணி வச்சது, மோட்டார் மெஷின்ல பொருந்துதாங்கிறதுதான். உண்மைய சொன்னா நான் மொதல்ல புதுசு பக்கம்தான் சாஞ்சேன், தெரிஞ்ச கடைலேர்ந்து ஒண்ணை தூக்கிட்டு வந்து வச்சே பாத்துட்டேன். பழைய மோட்டார் ஷாஃப்ட் 1 இஞ்ச், அதாவது 25.4 மில்லி, புதுசு 24 மில்லி. பழைய புல்லி துளைல வர்ற 1.4 மில்லி ஆட்டத்துக்கு புஷ், அதான் இடைவெளிய அடைக்கிற குழாய், போட்டா அது தகடு மாதிரி இருக்கும், நிக்காது, அப்ப வேற புல்லி வாங்கி லேத்துல துளை போட்டு கீவே, அதான் புல்லி ஷாஃப்ட்ல வழுக்காம இருக்க சாவி உக்கார்ற பள்ளம், வெட்டணும். கால் போல்ட் ஓட்டையும் சேரல. அதவிட பெரிய கூத்து, எங்க மெஷின்ல மோட்டார் கீல் பலகைல தொங்கும், அதோட வெயிட்டுதான் பெல்ட்ட இழுத்து பிடிக்குது, புதுசு அலுமினிய பாடி, லேசு, கட்டைய கொடுத்தவுடனே பெல்ட் வழுக்குது. இதுக்கெல்லாம் லேத்து, வெல்டிங்னு அலைஞ்சா மோட்டார் விலை போக இன்னொரு செலவு. அதான் மறுநாளே திருப்பி கொடுத்துட்டேன்.

புதுசுதான்னு முடிவு பண்றவங்க ஸ்பீடு மட்டும் கட்டாயம் பாருங்க. எங்களது நிமிஷத்துக்கு 1440 சுத்து, புல்லி கணக்குல பிளேடு ரெண்டு மடங்கு சுத்தும். யாராவது 2880 மோட்டார தலைல கட்டி அதே புல்லிய மாட்டிட்டா பிளேடு 5760க்கு போயிரும், 12 இஞ்ச் பிளேடுக்கு அது விளையாட்டில்ல, பல்லு தெறிச்சா கண்ணு போயிரும்.

காயில் கட்ட புதுவயல் பக்கம் கொடுத்தேன், ரைஸ் மில் மோட்டார் பாத்து பாத்து கை பழகுனவர். பிரிச்சு காட்டுனப்ப ரெண்டு பேஸ் காயில் கரி, ஒண்ணு மட்டும் பளபளன்னு இருந்துச்சு. "தம்பி, இது லோடுல போகல, ஒரு பேஸ் கட் ஆனது தெரியாம ஓட்டிருக்கீங்க, புதுசு வாங்கியிருந்தாலும் இதே கதிதான்"னாரு. அதனால ஸ்டார்ட்டர்ல லோடு மிஞ்சுனா கரண்ட நிறுத்துற ஓவர்லோடு ரிலேயும், ஒரு பேஸ் போனா நிறுத்துற சிங்கிள் பேஸ் பிரிவெண்டரும் போட சொல்லிட்டேன். காப்பர் கம்பிதானான்னு முன்னாடியே கேட்டுக்கங்க, பழைய காப்பர எடை போட்டு கழிக்க சொல்லுங்க, கேக்கலன்னா தானா கழிக்க மாட்டாங்க.

அதுக்காக எல்லா மோட்டாரையும் கட்டலாம்னு சொல்ல வரல. பழைய காயில எடுக்க ஸ்டேட்டர, அதான் காயில் உக்கார்ற சுத்தாத இரும்புப் பகுதிய, கண்டபடி கொளுத்துனா உள்ள தகடு கெட்டு அப்புறம் சும்மா ஓடுனாலே சூடாகும், ஏற்கனவே ரெண்டு மூணு தடவ கட்டுனது, எண்ட் கவர்ல பேரிங் உக்கார்ற எடம் தேஞ்சது, இதெல்லாம்னா புதுசுக்கே போயிருங்க. சிங்கிள் பேஸ் ரம்பம் நான் வச்சு ஓட்டுனதில்ல, அதுக்கு என் கணக்கு செல்லாது. கட்டி எட்டு மாசம்தான் ஆகுது, அஞ்சு வருஷம் தாங்குமான்னா இப்ப சொல்ல முடியாது.

போன வாரம் ஒரு நிலைக்குள்ள பழைய ஆணி சிக்கி பிளேடு அப்படியே நின்னுருச்சு. நான் சுவிட்ச்சுக்கு ஓடுறதுக்குள்ள ரிலே தட்டி விட்டுருச்சு, மோட்டார தொட்டு பாத்தேன், கை வைக்கிற சூடுதான்.