24 மணிநேரச் சலப் பரிசோதனை: கான் சரி, றிப்போட்தான் சிக்கல்

திருகோணமலை நகரில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் என் கணவருக்கும் ஒன்பது வயது மகளுக்கும், ஒரு நாள் முழுக்கப் போகும் சலத்தை (சிறுநீரை) சேர்த்துப் பார்க்கும் இந்தப் பரிசோதனையைச் செய்வித்தோம். இருவருக்கும் சிறுநீரகத்தில் கல்.

சேகரிக்கும் முறையை விளக்கியதற்கு முழுப் புள்ளி கொடுக்கலாம். காலையில் எழுந்ததும் போகும் முதல் சலத்தை விட்டுவிட வேண்டும். பிறகு போவதெல்லாம், மறுநாள் காலையில் போகும் முதல் சலமும் சேர்த்து, ஆய்வுகூடம் தரும் சேகரிப்புக் கானுக்குள். இதைத் தமிழில் அச்சடித்தே தருகிறார்கள். "உள்ளுக்க அமிலம் இருக்கு அக்கா, பிள்ளையை நேரே கானுக்க போக விடாதீங்க, கோப்பையில பிடிச்சு ஊத்துங்க" என்று கவுண்டரில் இருந்த தங்கச்சி இரண்டு தரம் சொன்னார். சலத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் பார்க்க, அமிலம் படாத புதுச் சலத்தை வேறு சின்னப் போத்தலில் வாங்கினார்கள். சேகரிப்பு முழுமையா என்று பார்க்க, உடல் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினினும் அளந்திருந்தார்கள். பள்ளி இல்லாத நாளாகப் பாருங்கள். கானோடு நிலாவெளிக் கடற்கரைக்குப் போக முடியாது!

கணவரின் றிப்போட்டில் குறை இல்லை. துறைமுகப் பக்கம் வெயிலில் நிற்கிற மனிதர். ஒரு நாள் சலம் 1.1 லீற்றர்தான், பிஎச் 5.3. பிஎச் 5.5-க்குக் கீழே போனால் யூரிக் அமிலக் கல் உண்டாகச் சுலபமாம். சலம் 2.5 லீற்றராவது போகுமளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொன்னார் டொக்டர்.

மகளின் றிப்போட்டில்தான் கோபம் வந்தது. கல்சியம் 110 மில்லிகிராம், பக்கத்தில் 'சாதாரணம்'. பெரியவர்களுக்கான அளவையே அவளுக்கும் அச்சடித்திருக்கிறார்கள். டொக்டர் எடையைக் கேட்டு, 22 கிலோவால் பிரித்தார். கிலோவுக்கு 5 மில்லிகிராம். பிள்ளைகளுக்கு 4-க்கு மேல் போனாலே கூடுதல்தான். ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சொன்னேன். "கணினியில அப்படித்தான் வருது" என்றார்கள். இதெல்லாம் ஒரு பதிலா?

பாலை நிறுத்தவா என்று டொக்டரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார், சாப்பாட்டில் கல்சியம் குறைந்தால் கல்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஒக்சலேற்று குடலில் கூடுதலாக உறிஞ்சப்படும். உப்பைத்தான் குறைக்க வேண்டும், சோடியம் கூடினால் சலத்தில் கல்சியமும் கூடும். கருவாட்டையும் மிக்சரையும் ஒதுக்கிவிட்டோம். தேசிக்காயில் உள்ள சித்திரேற்று கல்லைத் தடுக்குமென்று தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொடுக்கிறேன், சீனி மட்டாக.

பெரியவர்களுக்கென்றால் தயங்காமல் போங்க. பிள்ளைகளுக்கென்றால் படிவத்தில் எடையை எழுதிக் கொடுத்து, 'சாதாரணம்' என்ற சொல்லை நம்பாமல் டொக்டரிடம் காட்டுங்கள். ஐந்துக்கு மூன்று.