காந்தி ரோடு லாட்ஜில் ஹோனோ: ஒரு வருடத்துக்கு மேல் ஓட்டிய அனுபவம்

வேலூர் காந்தி ரோட்டில் ஒரு லாட்ஜுக்கு ரூம் புக்கிங் தளம் செய்து கொடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஹோனோ என்ற ஜாவாஸ்கிரிப்ட் வெப் ஃபிரேம்வொர்க்கில் எழுதியது. யாராவது தளத்தைத் திறக்கும்போது மட்டும் கோடை ஓட்டும் க்ளவுட்ஃப்ளேர் வொர்க்கர்ஸ் சேவையில் ஓடுகிறது. சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளக் குடும்பங்கள்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். காட்பாடியை ரயில் நெருங்கும்போது மொத்தமாக வந்து விழுவார்கள். மற்ற நேரம் தளம் ஈ ஓட்டும். இதற்குப் போய் மாதம் முழுக்க ஒரு சர்வருக்கு வாடகை கட்டுவது தண்டம். "மாசம் எவ்ளோ ஆகும் தம்பி?" என்று கேட்ட ஓனரிடம், "டொமைன் காசு மட்டும்ணா" என்றேன். இன்றுவரை அதுதான். இலவசத் திட்டத்திலேயே நாளுக்கு 1,00,000 ரிக்வெஸ்ட். ஒரு லாட்ஜுக்கு அது ஏராளம்.

தொடங்குவது சுலபம். டெர்மினலில் 'என்பிஎம் கிரியேட் ஹோனோ' கட்டளை கொடுத்து வொர்க்கர்ஸ் டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். எக்ஸ்பிரஸ்.ஜேஎஸ் ஃபிரேம்வொர்க் தெரிந்தவருக்கு ரவுட், மிடில்வேர் எல்லாம் பழகிய முகம்தான்.

கை பழக வேண்டியது வேறு இடத்தில். காலி ரூம் எண்ணிக்கையை ஒரு வேரியபிளில் வைத்துவிட்டு நம்ப முடியாது. அடுத்த ரிக்வெஸ்ட் வேறொரு ஐசோலேட்டுக்கு, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் கோடின் வேறொரு பிரதிக்குப் போகலாம். இருக்கிற ஐசோலேட்டும் எந்த நேரமும் காணாமல் போகலாம். ஆகவே எல்லாம் க்ளவுட்ஃப்ளேரின் டி1 டேட்டாபேஸில்தான். அதிலும் காலி இருக்கிறதா என்று முதலில் படித்து, அப்புறம் எழுதினால், ஒரே ரூம் இரண்டு பேருக்குப் போய்விடும். 'காலி இருந்தால் மட்டும்' என்ற நிபந்தனையோடு ஒரே அப்டேட்டில் முடித்துவிட்டு, எத்தனை வரிசை மாறியது என்று பார்க்க வேண்டும். பூஜ்யம் வந்தால் ரூம் போய்விட்டது.

அப்புறம் தேதி. வொர்க்கர்ஸின் கடிகாரம் யுடிசி, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். இங்கே காலை 5:30 ஆகும்வரை அதற்கு நேற்றைய தேதிதான். விடியுமுன் ரயிலில் இறங்கியவர் 'இன்று' என்று அழுத்தினால் நேற்றைக்குப் பதிவாகும். எங்கே தேதி எடுத்தாலும் 'ஏசியா/கொல்கத்தா' என்று டைம்சோனைச் சேர்த்தே எடுங்கள். (இங்கே தங்க வருபவர்களில் பலருக்கு அது சொந்த ஊரே.)

இலவசத் திட்டத்தில் ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு சிபியு நேரம் 10 மில்லிசெகண்ட். டேட்டாபேஸுக்காகக் காத்திருப்பது கணக்கில் வராது என்பதால் புக்கிங்குக்கு இடிக்கவில்லை. பில்லை பிடிஎஃப் ஆக்கும் வேலையை மட்டும் பிரவுசரின் பிரிண்ட் பட்டனுக்குத் தள்ளிவிட்டேன். ஓனருக்கும் காகிதம்தானே வேண்டும்!

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியின் மாதக் கடைசி ரிப்போர்ட் வேலை அடுத்து வந்தது. பெரிய பெரிய எக்செல் ஃபைல்கள், அந்த 10 மில்லிசெகண்டில் அடங்காது. அதைச் சாதாரண நோட்.ஜேஎஸ் சர்வரில்தான் போட்டேன். ஃபிரேம்வொர்க் மட்டும் மாறவில்லை, ஹோனோ நோட்.ஜேஎஸ்ஸிலும் ஓடும்.