இஸ்தான்புல்லில் 'பழைய' கிலிம் வாங்குபவர்கள் கவனத்துக்கு

கிராண்ட் பஜாரை ஒட்டிய ஒரு கடையில், "யோருக் நாடோடிகள் நெய்தது, 130 வருஷப் பழசு, முழுக்க இயற்கைச் சாயம்" என்று சொல்லி ஒரு கிலிமை (ரோமம் இல்லாமல் தட்டையாக நெய்யும் கம்பளம்) 1,800 யூரோவுக்கு என் தலையில் கட்டினார்கள். சாயமும் பொய், வயதும் பொய்.

கிலிமில் முடிச்சுக் கம்பளம் மாதிரி மேலே ரோமம் நிற்காது. நெடுக்கே போகும் பாவு நூல் தெரியாதபடி, குறுக்கே போகும் ஊடை நூலாலேயே கோலம் விழும். இரண்டு நிறங்கள் பாவு நூல் போகும் திசையில் நெடுக்காகச் சந்திக்கும் இடத்தில் சின்னப் பிளவு இருக்கும். நாடோடிகளின் தறி குறுகல் என்பதால் பெரிய கிலிமை இரண்டு பாதியாக நெய்து நடுவில் தைப்பார்கள். இரண்டு பாதியின் கோலமும் அச்சாகப் பொருந்தாது. சேகரிப்பவர்கள் சொக்கிப்போவது அந்தப் பொருந்தாமையில்தான், அப்புறம் மஞ்சிட்டி வேரின் சிவப்பிலும் அவுரியின் நீலத்திலும். மோசடிக்காரர்களுக்கும் இது நன்றாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்து, சிவப்புப் பகுதியில் ஊடை நூல்களை ஊசியால் விலக்கிப் பார்த்தேன். மேலே மங்கின செங்கல் நிறம். உள்ளே, பாவை ஒட்டிய இடத்தில், கண்ணைக் குத்தும் ஆரஞ்சு. ஈரமான வெள்ளைத் துணியை அழுத்தியதும் அதே ஆரஞ்சு ஒட்டிக்கொண்டது. செயற்கைச் சாயத்தை வெளுக்க வைத்துப் பழசாக்கியிருக்கிறார்கள். செயற்கைச் சாயம் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அனத்தோலியாவுக்கு (துருக்கியின் ஆசியப் பகுதி) வந்துவிட்டது. அதை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது. ஆனால் பழைய கிலிம்களில் இரும்பு உப்பு சேர்த்துச் சாயமேற்றிய கரும்பழுப்பு நூல்தான் முதலில் அரித்துத் தேயும். இதில் அது மற்ற நிறங்களைப் போலவே கெட்டியாக இருந்தது. கம்பளம் பழுதுபார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். 1970-களுக்கு முந்தையதாக இருக்காது என்றார்.

முக்கியமான ஒன்று. பழம்பொருளாகக் கருதப்படும் கம்பளத்தை அருங்காட்சியகச் சான்று இல்லாமல் துருக்கியை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. கடைக்காரர் தந்ததோ அவரே அச்சடித்த, தங்க முத்திரை போட்ட காகிதம். "அதெல்லாம் தேவையில்லை, நாங்களே அனுப்பிவிடுவோம்" என்று ஒருவர் சொன்னால், ஒன்று அது பழசே இல்லை, இல்லாவிட்டால் உங்களைச் சட்டத்தில் மாட்டிவிடுகிறார்.

படங்கள் அனுப்பிக் கேட்டதற்கு, சாயம் போவது இயற்கைச் சாயத்தின் குணம் என்று பதில் வந்தது. பிறகு பதிலே இல்லை. கார்டில் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு வங்கிக்கு எழுதினேன். பில்லில் 'கையால் நெய்த கிலிம்' என்று மட்டும் இருப்பதால் கை விரித்துவிட்டார்கள். வயது, நெய்த பகுதி, சாயம் மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் ஒரு பைசா கொடுக்காதீர்கள்.